ஆய்வாளர் வரும் நாட்கள்

எங்கள் மலையூர் தஃபீலாவில் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் சலாம் சொல்வார்கள். அடுத்து உடம்பைப் பற்றிக் கேட்பார்கள். அதற்கடுத்து எண்ணைக் கேட்பார்கள். பட்டம் வாங்கி அரசு வேலைக்குப் பதிந்த எல்லோருக்கும் ஓர் எண் இருந்தது. பாடம், மாவட்டம், ஆண், பெண் என்று பிரித்து வரிசை போட்டிருந்தார்கள். வருடத்துக்கு ஒரு முறை, குளிருக்குக் கணப்பு அடுப்பை வெளியே எடுக்கும் மாதத்தில், புதிய வரிசைப் பட்டியல் வரும்.

ஜுமானா படித்தது புவியியல். நர்ஸ் படிப்புக்கும் அவளுக்கு மதிப்பெண் இருந்தது. புவியியல் டீச்சருக்கு ஆள் குறைவு என்று யாரோ அவள் தந்தையிடம் சொன்னார்கள். அந்த யாரோ மாவட்டம் முழுக்கச் சொல்லியிருக்க வேண்டும். அவள் பதிந்த வருடம் அவளுடைய எண் 214. கூடவே படித்த அரீஜ் மறுநாள் பதிந்தாள். அவளுக்கு 215.

இரண்டு வருடம் வீட்டில் இருந்தாள். பிறகு மேட்டுத் தெருவில் இருந்த தனியார் பள்ளியில் கேட்டாள். அதை நடத்தியவளை, மகன் வாயிலின் பெயரால், உம்மு வாயில் என்று கூப்பிட்டார்கள். கணவர் விட்டுப்போன இரண்டு மாடிக் கட்டடத்தில் பள்ளி வைத்திருந்தாள். ஜுமானாவின் சான்றிதழ்களைப் பார்த்துவிட்டு வேலை தருவதாகச் சொன்னாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்," என்றாள் ஜுமானா. "சமூகக் காப்பீட்டுல என் பேரை ஏத்தாதீங்க."

உம்மு வாயில் கண்ணாடியைக் கழற்றினாள். "மிஸ், இங்க இருக்கற எல்லாரும் பேரை ஏத்து, பேரை ஏத்துன்னு என் உசுரை வாங்குறாங்க. கல்யாண வீட்டுக்கு வந்து சோறு வேண்டாங்கற முதல் ஆளு நீதான்."

"பேர் ஏறிட்டா அரசுப் பட்டியல்ல நான் வேலை இருக்கறவன்னு காட்டும். எடுத்துருவாங்க. எனக்கு முன்னால இருநூறு பேர்தான்."

"இருநூறு பேர்தானா! எல்லாரும் ஒரே பஸ்ல ஏறி அந்த பஸ்ஸும் மலைலேருந்து உருண்டாத்தான் உண்டு."

"அல்லாஹ் காப்பாத்தணும். அப்படிச் சொல்லாதீங்க."

"சரி சரி. எழுதிக் குடு. நீயே கேட்டேன்னு எழுதி கையெழுத்துப் போடு. நாளைக்கு உன் தம்பி வந்து என் கதவை உடைக்கக் கூடாது."

எழுதிக் கொடுத்தாள். என் சொந்த விருப்பத்தின் பேரில் என்று தொடங்கி நாலு வரி. வரைபடத்தில் ஊர்ப் பெயர் எழுதிப் பழகிய கை. எழுத்து அழகாக இருந்தது.

வருடத்தில் இரண்டு மூன்று தடவை காப்பீட்டு ஆய்வாளர் வருவார். வெள்ளைக் கார் வளைவில் திரும்பும்போதே காவலாளி அபூ கலஃப் வராந்தாவில் வந்து நின்று இருமுவார். ஜுமானா அப்போது நடத்திக்கொண்டிருக்கும் பாடத்தை அப்படியே நிறுத்துவாள். நைல் நதி சூடானில் நிற்கும். திருத்த வேண்டிய நோட்டுகளை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக இறங்குவாள். பள்ளிக்குக் கீழே யாருடையதோ ஒலிவ மரங்கள் படிப்படியாகச் சரிந்தன. மூன்றாவது படியில் ஒரு கல் இருந்தது. அங்கே உட்கார்ந்து திருத்துவாள். மேலே வேறு டீச்சர்கள் தங்கள் பெயரைச் சொல்வது கேட்கும். ஆய்வாளர் போனதும் அபூ கலஃப் தரை துடைக்கும் துணியை மதிலில் போடுவார். அதுதான் அவளுக்கு அடையாளம்.

ஒரு தடவை ஆய்வாளர் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். மழை வந்தது. நோட்டுகளைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு மரத்தடியில் நின்றாள். துணி நனையும் என்று அபூ கலஃப் மதிலில் போடவில்லை. பள்ளி விட்டுப் பிள்ளைகள் போகும் சத்தம் கேட்ட பிறகுதான் மேலே வந்தாள்.

"மிஸ், உங்களை மறந்தே போயிட்டேன்," என்றார் அபூ கலஃப்.

"பரவாயில்ல அபூ கலஃப். பத்து நோட்டு முடிச்சேன்."

எண் இறங்கிக்கொண்டிருந்தது. 180. 151. அவளுக்கு இருபத்தெட்டு வயதானபோது 120. அப்போது அரீஜ் வந்து சொன்னாள். மஸ்கட்டில் ஒரு பள்ளிக்கு இரண்டு புவியியல் டீச்சர்கள் வேண்டும். கேட்டது இரண்டு வருட அனுபவம், காப்பீட்டுப் பதிவோடு. அரீஜ் பக்கத்து ஊரான கரக்கில் ஒரு பள்ளியில் இருந்தாள். முதல் நாளே பெயரை ஏற்றச் சொல்லிவிட்டாள்.

"உன்னைப் பட்டியல்லேருந்து எடுத்துருவாங்கடி," என்றாள் ஜுமானா.

"எடுத்தா எடுக்கட்டும். அந்த நம்பரை வச்சு நான் என்ன ஊறுகாயா போடப்போறேன்? உன் உம்மு வாயில்கிட்ட சொல்லி இன்னைக்கே பேரை ஏத்து. அடுத்த வருஷமோ அதுக்கடுத்த வருஷமோ நீயும் வந்துரலாம்."

"இன்னும் நூத்தியிருபது பேர்தான்."

"நீ மனுஷங்களை எண்ணலடி. செம்மறியாட்டை எண்ணி எண்ணித் தூங்கற."

அரீஜ் போனாள். முதலில் தினமும் குரல்பதிவு அனுப்பினாள். பிறகு வெள்ளிக்கிழமைகளில். பிறகு பெருநாட்களில். அந்த வருடப் பட்டியலில் ஜுமானா 109. அவளுக்கு அடுத்து, 110, அரீஜ். மறு வருடமும் அவளுக்கு நேர் பின்னால் அரீஜ் இருந்தாள். அரசாங்கம் இன்னும் கவனிக்கவில்லை என்று ஊரில் சொன்னார்கள். ஜுமானாவும் அப்படித்தான் நினைத்தாள்.

எண் நூறுக்குக் கீழே வந்ததும் பெண் கேட்டு வந்தார்கள். சம்பளம் வரும் மருமகளுக்கு எங்கள் ஊரில் மதிப்பு உண்டு. பையனின் தாய் காபியைக் கையில் எடுக்காமல் கீழே வைத்திருந்தாள். கேட்டது கிடைக்கும்வரை குடிக்கக் கூடாது என்பது வழக்கம்.

"இப்ப எத்தனைல இருக்கு?"

"தொண்ணூத்தி ஏழு," என்றாள் ஜுமானாவின் உம்மா.

"அம்பதுக்குக் கீழ வரட்டும். நாங்க எங்க போயிடப்போறோம்?" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தாள். குடிக்காமல் போயிருந்தால் உம்மா சண்டை பிடித்திருப்பாள். குடித்துவிட்டதால் எதுவும் சொல்ல முடியவில்லை. எண் 48 ஆனபோது அந்தப் பையனுக்கு இரண்டு பிள்ளைகள்.

தந்தைக்குப் பிறகு உம்மாவும் இறந்தபோது துக்கம் கேட்க மூன்று நாளும் பெண்கள் வந்தார்கள். இரண்டாம் நாள் ஒருத்தி, கசப்புக் காபியைக் கையில் வைத்துக்கொண்டே, மெதுவாகக் குனிந்து கேட்டாள். "மகளே, உன் நம்பர் என்ன?"

"முப்பத்தொண்ணு."

"அல்லாஹ் இலேசாக்குவான்."

துக்கத்துக்குச் சொன்னாளா எண்ணுக்குச் சொன்னாளா என்று ஜுமானா யோசிக்கவில்லை.

அதன் பிறகு கீழ் வீட்டில் தனியாக இருந்தாள். மேலே தம்பி மாஜித் குடும்பம். இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவார்கள். முதல் இரண்டு மாதம் போனாள். பிறகு தக்காளி வதக்கி ரொட்டியோடு தனியே சாப்பிடப் பழகிக்கொண்டாள். மேலே நாற்காலி நகரும் சத்தத்தில் அவர்கள் எப்போது எழுந்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். தானும் எழுந்து தட்டைக் கழுவுவாள்.

எண் 6 ஆனது.

அடுத்த வருடம் கணப்பை வெளியே எடுத்தார்கள். பட்டியல் வரவில்லை. ஒரு நாள் மாஜித் மாடிப்படியில் இறங்கி வந்து கதவுக்கு வெளியிலேயே நின்றான்.

"அக்கா, செய்தி பாத்தியா? பட்டியலை மூடிட்டாங்களாம். இனிமே பரீட்சைதான். அனுபவத்துக்கும் மார்க்காம்."

"எனக்கு முன்னால அஞ்சு பேர்தான்டா இருந்தாங்க."

"தெரியும்கா."

"உள்ள வா. டீ போடறேன்."

"பிள்ளை தனியா இருக்கு," என்று மேலே போய்விட்டான்.

அனுபவத்துக்கு மார்க் என்றதும் இரண்டு நாளில் அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. பதினோரு வருடம் பாடம் நடத்தியிருக்கிறாள். சான்றிதழ்களை உறையில் போட்டுக்கொண்டு அரசு வேலைக்குப் பதியும் அலுவலகத்துக்குப் போனாள். ஜன்னலில் இருந்தவனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும்.

"காப்பீட்டு நம்பர் சொல்லுங்க அக்கா."

"இல்ல."

"ஞாபகம் இல்லையா?"

"நம்பரே இல்ல. பதினோரு வருஷம் வேலை பாத்தேன். பதியல."

"ஸ்கூல்ல ஏமாத்திட்டாங்களா? பக்கத்து ரூம்ல புகார் குடுங்க. விடாதீங்க."

"ஏமாத்தல. நான்தான் வேண்டாம்னு சொன்னேன்."

அவன் அப்போதுதான் முகத்தைப் பார்த்தான். "ஏன்?"

"பேர் ஏறினா பட்டியல்லேருந்து எடுத்துருவீங்களே."

"யார் சொன்னா?"

அவள் யோசித்தாள். தந்தை சொன்னார். எதிர்வீட்டில் சொன்னார்கள். பல்கலைக்கழக பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். "எல்லாரும்," என்றாள்.

"அப்படி ஒரு விதியே கிடையாது அக்கா. எப்பவுமே இருந்ததில்ல. தனியார்ல வேலை பாத்தாலும் வரிசை அது பாட்டுக்கு நகரும்." பின்னால் திரும்பினான். "அபூ ஸைத், கேட்டீங்களா? இன்னொருத்தர்."

பின்மேசையில் இருந்த வயதானவர் நிமிரவில்லை. "என் தங்கச்சியும் இதேதான் செஞ்சா. ஏழு வருஷம் மருந்துக்கடைல."

"நீங்க சொல்லலையா?" என்று ஜுமானா கேட்டாள்.

"அவ கேக்கலையே. எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயத்தை ஆபீஸ்ல வந்து யாரு கேப்பா?"

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அரீஜின் பெயர் தனக்குப் பின்னால் ஒவ்வொரு வருடமும் இருந்தது நினைவுக்கு வந்தது. போனை எடுத்தாள். குரல்பதிவு பட்டனை அழுத்தினாள். பஸ் வரும்வரை அழுத்திக்கொண்டிருந்தாள். பஸ் இரைச்சல் மட்டும் பதிவானது. அழித்துவிட்டாள்.

மறுநாள் பள்ளிக்குப் போனாள். உம்மு வாயில் மேசை இழுப்பறையைத் திறந்து அந்த நாலு வரியை எடுத்து வைத்தாள்.

"கடிதம் வேணும்னா எழுதித் தர்றேன் மிஸ். ஆனா பதிவு இல்லாத கடிதத்தை எடுத்துக்க மாட்டாங்க. பழைய வருஷத்துக்கு இப்ப ஏத்தினா எனக்கு அபராதம். ஸ்கூலை வித்தாத்தான் கட்ட முடியும். இது உன் கையெழுத்துதானே?"

"என் கையெழுத்துதான்."

"நான் அன்னைக்கே சிரிச்சேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"இனிமேலாவது ஏத்தலாம்னா எனக்கும் நிலைமை சரியில்ல. இந்த வருஷம் நாப்பது பிள்ளைங்க அரசுப் பள்ளிக்குப் போயிட்டாங்க. புவியியலையும் அரபி மிஸ்ஸே பாத்துக்குவாங்க. நானே சொல்லணும்னு இருந்தேன்."

ஜுமானா பரீட்சை எழுதினாள். நன்றாகவே எழுதினாள். மாவட்டத்தில் புவியியலுக்கு ஓர் இடம்தான் இருந்தது. அனுபவ மார்க் இருந்தவளுக்குப் போனது. அடுத்த பரீட்சை எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. ஊரில் யாரும் இப்போது எண் கேட்பதில்லை. உடம்பைப் பற்றிக் கேட்டதும், கேட்க வேறு எதுவும் இல்லாததால், நகர்ந்துவிடுவார்கள்.

நெடுஞ்சாலையில் ஒரு தையல் தொழிற்சாலையின் கிளை இருந்தது. வெளிநாட்டுக்கு விளையாட்டு உடைகள் போகும். அங்கே பெண்களை எடுத்தார்கள். முன்அனுபவம் என்ற இடத்தில் என்ன எழுத என்று ஜுமானா கேட்டாள். மேற்பார்வைக்காரி ஹியாம் அவளைவிடப் பத்து வயது சின்னவள்.

"காப்பீட்டுல என்ன இருக்கோ அதை எழுதுங்க."

"இல்லை" என்று எழுதினாள். அழகான எழுத்து.

அவளுக்குக் கொடுத்தது கால்சட்டையின் இடுப்பில் எலாஸ்டிக் வைக்கும் வேலை. இரு பக்கமும் பழைய மாணவிகள். முதல் வாரம் "மிஸ், நூல் அறுந்துருச்சு பாருங்க," என்றார்கள். இரண்டாம் வாரம் அவர்களுக்குள் பேசிக்கொள்ள வேறு விஷயம் வந்தது. இடைவேளையில் அவர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்தார்கள். மிஸ் முன்னால் எல்லாவற்றையும் பேச முடியாது. ஜுமானா ஜன்னல் பக்கம் லப்னா என்ற கெட்டித் தயிர் தடவிய ரொட்டியோடு உட்கார்ந்தாள்.

மூன்றாம் வாரம், வேலை நடந்துகொண்டிருந்தபோது, ஜன்னலில் ஒரு வெள்ளைக் கார் வளைவில் திரும்புவது தெரிந்தது. யாரும் இருமவில்லை. ஜுமானா மெஷினை நிறுத்தினாள். பையை எடுத்தாள். இரண்டு வரிசைகளுக்கு நடுவே நடந்து பின்கதவைத் திறந்தாள். வெளியே துணிச் சிப்பங்கள், வேலி, அதற்கப்பால் வெறும் கல் நிலம். மரம் இல்லை. உட்கார ஓர் இடத்தைக் கண் தேடியது.

"மிஸ் ஜுமானா! எங்க போறீங்க?" ஹியாம் உள்ளிருந்து கத்தினாள். "ஆய்வாளர் வந்திருக்கார். எல்லாரும் இடத்துல இருக்கணும். பேர் படிக்கப்போறாரு."

ஜுமானா திரும்பி வந்து மெஷின் முன்னால் நின்றாள். பை இன்னும் தோளில் இருந்தது. ஆய்வாளர் காகிதத்தோடு வரிசையாக வந்தார். அதே ஆள். முடி நரைத்திருந்தது. பதினோரு வருடம் அவருடைய காரை மட்டும் பார்த்திருந்தாள், ஒரு தடவை மதிலுக்கு மேல் தலையை. அவர் அவளைப் பார்த்ததே இல்லை.

"ஜுமானா முஃப்லிஹ்?"

"ஆமா."

"சேர்ந்து பதினாறு நாள். சரியா?"

அவள் வாயைத் திறந்தாள். பக்கத்து மெஷின்காரிகள் இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். எட்டாம் வகுப்பில் நைல் நதியைப் பாதியில் விட்டுப் போனபோது பார்த்த அதே கண்கள்.

"சரி," என்றாள்.

அவர் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த மெஷினுக்குப் போனார். ஜுமானா பையைக் கீழே வைத்தாள். விட்ட இடத்திலிருந்து எலாஸ்டிக்கை இழுத்து ஊசிக்குக் கீழே கொடுத்தாள்.