ஊதிப் பார்த்த ஒற்றைக்கல்

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. அம்மாவைப் பித்தப்பை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோன அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்து நடந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். கையில் அவளுடைய ஒற்றைக்கல் மூக்குத்தி. அப்பா செத்தபோது ஊரே சொல்லியும் கழற்றாதது. தாதி கேட்டதும் கழற்றினாள். துளை தூர்ந்துவிடாமல் வேப்பங்குச்சியைச் சொருகிக்கொண்டாள்.

"கண்ணு முழிச்சதும் மொதல்ல இத போட்டு வுட்டுடு. எங்கயும் போயிடாத" என்றாள்.

அப்பா பீடோங் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் மரம் சீவிப் பால் வெட்டினவர். மூக்குத்தியை வைரம் என்று சொல்லித்தான் கொடுத்தாராம். "பால் வெட்டுன கையில வைரமா? கண்ணாடி லா அது" என்று அத்தை ஒவ்வொரு கல்யாணத்திலும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

கைப்பேசியில் துழாவினேன். பூமிக்கடியில் நூறு கிலோமீட்டருக்கும் கீழே, சூட்டிலும் அழுத்தத்திலும் கரி இறுகி வைரமாகிறதாம். எரிமலை அதை விறுவிறுவென்று மேலே தள்ள வேண்டுமாம். மெதுவாக வந்தால் பென்சில் கரியாகிவிடுமாம். எனக்குப் பிடித்த சங்கதி. வைரத்தை ஊதினால் ஆவி நிற்காது என்றும் போட்டிருந்தது. ஊதினேன். நின்றது. மறுபடி ஊதினேன். நின்றது. செத்துப்போன அப்பா மேல் அப்படி ஓர் ஆத்திரம் வந்தது.

பத்து நிமிஷத்தில் திரும்பிவிடலாம் என்று மோட்டார் சைக்கிளை எடுத்தேன். பாசார் பக்கம், சந்தைக் கடைகளுக்கு நடுவே ஒரு நகைக்கடை. கடைக்காரர் லென்ஸை வைத்துப் பார்த்தார்.

"அக்கா, கல்லு பூரா எண்ணெயும் சோப்பும் அப்பிக் கெடக்கு. அதான் ஆவி நிக்குது."

சோப்பு வெந்நீரில் தேய்த்து ஊதினார். கண்ணிமைக்கும் முன் ஆவி போய்விட்டது. பேனா மாதிரி ஒரு கருவியை வைத்தார், கீச்சென்றது. "இத மட்டும் நம்பக்கூடாது. வேற கல்லுக்கும் கத்தும்" என்று, அந்த வேறு கல்லில் தெரிவதுபோல் விளிம்பு இரட்டையாகத் தெரிகிறதா என்று சாய்த்துச் சாய்த்துத் தேடினார். நான் அவர் தோளுக்குப் பின்னால் தவித்துக்கொண்டிருந்தேன். விளிம்பு ஒற்றையாகவே தெரிந்தது.

"வைரந்தான்க்கா. உள்ள சின்னதா கரும்புள்ளி இருக்கு. மண்ணுக்குள்ளயே வெளஞ்சது."

பறந்துகொண்டு திரும்பினேன். அம்மா வார்டில் கண் விழித்துக் கிடந்தாள். ரொம்ப நேரமாக என்னையே கேட்டுக்கொண்டிருந்தாள் என்றாள் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்.

"அம்மா, கடையில காட்டிட்டேன். அசல் வைரம்மா!"

அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அது வைரந்தான்னு எனக்குத் தெரியும்டி. நான் பொழச்சு வந்தேனான்னு பாக்கத்தான் ஆளு இல்ல."