ஜெபித்துக் கலந்த பொடி

கர்த்தருக்குள் பிரியமான சபையாரே, நான் பேசி முடிக்கும் வரை யாரும் கை தட்ட வேண்டாம். வெளியில் சொல்ல வெட்கப்படுகிற காரியம் ஒன்று இதில் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு ஆண்டவருக்கு நன்றி சொன்னால் அந்த நன்றியும் பொய்யாகிவிடும்.

என் பெயர் செல்வி. கும்மிடிப்பூண்டியில் குடியிருக்கிறோம். என் வீட்டுக்காரர் சாமுவேல் சிப்காட்டில் ஒரு இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். கல்யாணமாகி ஏழாம் வருஷம் அவர் காதில் குரல் கேட்க ஆரம்பித்தது. கிரேன் மேலே தனியாக உட்கார்ந்திருக்கும்போது கீழே இருப்பவர்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றார். பிறகு டீயில் எதையோ கலக்கிறார்கள் என்றார். குடித்தால் குரல் அடங்குகிறது என்று குடித்தார். போதை இறங்கியதும் குரல் இன்னும் சத்தமாக வந்தது. அதை அடக்க இன்னும் குடித்தார். வேலை போயிற்று.

குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு என்று தெருவில் சொல்லிச் சிரித்தார்கள். இவர் பேச்சு விடிந்தும் போகவில்லை. அது யாருக்கும் உறைக்கவில்லை.

குடியை நிறுத்துகிற இல்லம் ஒன்றுக்கு அழைத்துப் போனேன். பேர் வேண்டாம். "இவருக்கு மன வியாதி இருக்குதும்மா. அத்த சரி பண்ணிக்கினு வாங்க, அப்பால சேத்துக்கறோம்" என்றார்கள். மனநல டாக்டர் ஒருவரிடம் போனேன். "மொதல்ல குடியை நிறுத்தச் சொல்லுங்க. குடிச்சிட்டு வந்தா நான் எதைப் பாக்கறது?" என்றார். இரண்டு இடத்துக்கும் மாறி மாறி நடந்து என் செருப்பு தேய்ந்தது. ஒரு மனிதனை இரண்டாகக் கிழித்து ஒரு பாதியை மட்டும் கொண்டு வா என்றால் நான் எங்கே போவேன்?

சபையாரே, நீங்களும் குறை வைக்கவில்லை. எனக்கு விசுவாசம் போதாது என்றீர்கள். என் வீட்டில் ஏதோ மறைவான பாவம் இருக்கிறது என்றும் ஒருவர் சொன்னார். அப்போது பாவம் இருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் வந்தது.

மின்சார ரயிலில் ஒட்டியிருந்த நோட்டீசில் அந்தப் பொடியைப் பார்த்தேன். குடிக்கிறவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் குடியை மறந்துவிடுவாராம். வாங்கி வந்தேன். ஆனாலும் மனசு குத்தியது. உபவாச ஜெபத்தில் என்னோடு உட்காரும் கிரேஸ் அக்காவிடம் கேட்டேன்.

"தெரியாம குடுத்தா இன்னா தப்பு? நோயாளி கைல பர்மிசன் கேட்டா மருந்து குடுப்பாங்க? வெள்ளிக்கிழம எட்த்துக்கினு வா, ஜெபிச்சிட்டுப் போடு" என்றார் அக்கா.

எடுத்துப் போனேன். ஜெப எண்ணெய் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து நான்கு பேர் கை நீட்டி ஜெபித்தார்கள். மறுநாளே குழம்பில் கலந்தேன். ஜெபித்த பொடி, அதனால் இது ஏமாற்று இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எப்பேர்ப்பட்ட புத்தி பாருங்கள்!

டீயில் கலக்கிறார்கள் என்று பயந்து நடுங்கியவரின் சோற்றில், உண்மையாகவே கலந்தவள் நான்.

மூன்றாம் நாள் தட்டை முகர்ந்து பார்த்தார். "இன்னாமே கலந்த இதுல?"

"ஒண்ணுமில்லீங்க."

"வேதத்து மேல கை வெச்சிச் சொல்லு."

வைத்தேன். சொன்னேன்.

அன்றிலிருந்து வீட்டுச் சாப்பாட்டை அவர் தொடவில்லை. பிரிக்காத பிஸ்கட் பாக்கெட், தோல் உரிக்காத வாழைப்பழம், குழாய்த் தண்ணீர், சரக்கு. இவ்வளவுதான் உள்ளே போனது. கன்னம் ஒட்டிப்போயிற்று. "பொண்டாட்டியே வெசம் வெக்கிறாளாம், பாவம் அந்தப் பொம்பள" என்று தெருவே எனக்காக உச்சுக் கொட்டியது. நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பரிதாபத்தையும் வாங்கிக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அப்போதாவது நிறுத்தினேனா? குடத்துத் தண்ணீரில் கலந்தேன். ஒரு நாள் மத்தியானம் குழாயில் தண்ணீர் வரவில்லை. தாகத்தில் குடத்திலிருந்து மொண்டு குடித்தார். பிறகு கடைக்குப் போய்ச் சரக்கு அடித்துவிட்டு வந்தார். முகம் செக்கச்செவேல் என்று ஆகி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே வாந்தி எடுத்தார். ஜெபிக்க ஓடிவந்த கிரேஸ் அக்கா, "பிசாசு கக்கிக்கினு போவுது, தோத்திரம் சொல்லு" என்றார். நானும் சொன்னேன்! மூச்சு இழுக்க ஆரம்பித்த பிறகுதான் ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்கால் போட்டேன். இத்தனை வருஷமும் அவருடைய குடி போக வேண்டும் என்றே ஜெபித்தவள் நான். அன்றைக்குத்தான் வேறு ஜெபம் வந்தது. "ஆண்டவரே, இவரை உயிரோடு கொடும். என் வாயையும் திறந்துவிடும். தானாகத் திறக்கிற தைரியம் எனக்கு இல்லை."

அவர் பிழைத்தார். இரண்டாம் நாள் ஒரு டாக்டரம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். குரல் எப்போது வருகிறது, குடித்தால் என்ன ஆகிறது என்று இரண்டையும் சேர்த்தே விசாரித்தார். முதலில் அதை, பிறகு இதை என்று சொல்லவே இல்லை. சாப்பாட்டில் கலக்கிறார்கள் என்று இவர் சொன்னபோது சிரிக்கவும் இல்லை. என் பக்கம் திரும்பி, "நீங்க ஏதாவது கலந்தீங்களாம்மா?" என்று கேட்டார்.

அத்தனை வருஷத்தில், என் வீட்டுக்காரரை விட்டால், அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் அவர் ஒருவர்தான். ஜெபம் கேட்கப்பட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அது இனிப்பாக இல்லை.

"கலந்தேன்" என்றேன். பொடி, ஜெபம், வேதத்தின் மேல் செய்த சத்தியம் எல்லாவற்றையும் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேலே ஓடிய மின்விசிறியையே பார்த்துக்கொண்டு, "அப்ப அது நெசந்தான். என்னிய பைத்தியம்னு ஊரே சொல்லச் சொல்ல நீ பாத்துக்கினு இருந்தே" என்றார். குழந்தை மாதிரி அழுதார்.

டாக்டரம்மா என்னையும் சும்மா விடவில்லை. அந்தப் பொடிக்கு மேல் குடித்தால் உயிரே போகும் என்று திட்டினார். திட்டு வாங்கியதும் எனக்கு நல்லதுதான். குடிப்பழக்கத்துக்கும் குரலுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் வைத்தியம் ஆரம்பித்தது. வெளியே வந்த பிறகு இரண்டு தடவை குடித்தார். நான் தலையில் அடித்துக்கொண்டு அழைத்துப் போனேன். "குடிச்சிட்டீங்களா? சரி, வந்தீங்களே அதுவே போதும். மாத்திரையை மட்டும் விட்றாதீங்க" என்றார் அந்த அம்மா. யாரும் வெளியே துரத்தவில்லை.

இப்போது ஒரு கம்பெனியில் தோட்ட வேலை செய்கிறார். மாத்திரை தினமும் உண்டு. குரல் சில நாள் இன்னும் வருகிறது. "விடுதலையாயிட்டார்னு ஒரு வார்த்தை சொல்லும்மா, மத்தவங்களுக்கு ஊக்கமா இருக்கும்" என்று பாஸ்டர் கேட்டுக்கொண்டார். மன்னியுங்கள் பாஸ்டர், சொல்ல மாட்டேன். மறுபடியும் பொய் சத்தியம் செய்ய என்னால் ஆகாது.

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் ஆண்டவரை நம்புங்கள், வைத்தியத்துக்கும் அழைத்துப் போங்கள். அவர் சொல்வதில் எது நிஜம் என்று உட்கார்ந்து கேளுங்கள். திருட்டுத்தனத்தை ஜெபத்தால் கழுவப் பார்க்காதீர்கள். என் ஆண்டவர் என் விருப்பத்தைக் கேட்கவில்லை, என் தேவையைக் கேட்டார். அதற்காக அவருக்கு ஸ்தோத்திரம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததுமுதல் தனி அடுப்பில் அவரே பொங்கித் தின்றுகொண்டிருந்தார். என் கையால் சாப்பிடுங்கள் என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் தன் தட்டை எடுத்துவந்து என் எதிரில் உட்கார்ந்தார். மீன் குழம்பு ஊற்றினேன்.

"மொதல்ல நீ துன்னு" என்றார்.

அவர் தட்டிலிருந்தே எடுத்துச் சாப்பிட்டேன். விழுங்கும் வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு வாய் எடுத்துவைத்தார், என்னைப் பார்த்தார். இரண்டாம் வாய்க்கும் பார்த்தார். மூன்றாம் வாய்க்குப் பார்க்கவில்லை.