இளவரசி வீட்டிலேயே இருந்தால்

பதினோரு வயதில் நான் ஒரு கடல்நாகத்தை உருவாக்கினேன். பள்ளியில் நிரல் எழுதக் கற்றுக்கொடுத்த ஆண்டு அது. கட்டளைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் கணினித் திரையில் உருவங்கள் நடக்கும், பேசும். சொந்தமாக ஒரு மாயக்கதையை நிரலாக்கிப் போட்டிக்கு அனுப்பச் சொன்னார்கள். மற்றவர்கள் ஒரு பூனையை நடக்கவைக்கத் தடுமாறிக்கொண்டிருந்தபோது நான் ஒரு ராஜ்யத்தையே கட்டி முடித்திருந்தேன். பரிசு எனக்குத்தான் என்பதில் துளியும் சந்தேகம் இல்லை.

கதை இதுதான். கடல்மேல் ஒரு நீண்ட பாலம். அதை நாகம் காவல் காக்கிறது. அக்கரையிலிருந்து ஒளிக்கல்லைக் கொண்டுவந்தால்தான் இளவரசியின் நாட்டில் விளக்கு எரியும். விடியுமுன் எழுந்த இளவரசியிடம் திரை கேட்கும்: பாலத்தைக் கடப்பதா, வீட்டில் இருப்பதா? கடந்தால் நாகத்தோடு சண்டை, பறக்கும் கப்பல், எல்லாம் உண்டு. வீட்டில் இருந்தால் 'தோற்றுவிட்டாய்' என்று திரை கறுத்துவிடும்.

அப்போது நாங்கள் மலேசியாவில், பாசிர் கூடாங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். அம்மாவுக்குக் கடற்பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை. நான் கண்விழிப்பதற்குள் பேருந்து ஏறிவிடுவார். நான் தூங்கப் போகும் நேரத்தில்தான் திரும்புவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பிடித்துக் கணினி முன் உட்காரவைத்தேன்.

அம்மா யோசிக்காமல் 'வீட்டில் இருக்கிறேன்' என்பதை அழுத்தினார்.

"அலமாக்! தோத்துட்டீங்கம்மா. பாலத்துல போகணும் லா."

மறுபடி தொடங்கிக் கொடுத்தேன். மறுபடியும் அதையே அழுத்தினார்.

"வீட்ல இருந்தா என்னா நடக்கும்னு நீ எழுதவே இல்லயா?"

"அங்க ஒண்ணும் நடக்காதும்மா. கதையே பாலத்துலதான் இருக்கு."

"எழுதிப் பாரேன். அவ நல்லா தூங்கட்டும். அவளுக்கு ஒரு மக இருக்கட்டும்."

"அப்ப விளக்கு?"

"ஒரு நாளைக்கு இருட்டா இருந்தா என்னா?"

சமையலறையிலிருந்து அப்பா, "கேக்குறாங்கல்ல, எழுதிக் குடு," என்றார்.

வேண்டாவெறுப்பாக எழுதினேன். இளவரசி வெயில் ஏறும்வரை தூங்குகிறாள். மகளுக்குத் தலை பின்னிவிடுகிறாள். வெளியே மழை. இருவரும் மீ கோரேங் சாப்பிடுகிறார்கள். முற்றும். இப்படி ஒரு சப்பென்ற முடிவை நான் அதுவரை எழுதியதே இல்லை.

அம்மா அதை ஓடவிட்டுப் பார்த்தார். முடிந்ததும் மறுபடி பார்த்தார். துணி காயப்போட எழுந்து போனவர் திரும்பி வந்து இன்னொரு முறை பார்த்தார். நான் அவ்வளவு பாடுபட்டு நீந்தவைத்த நாகத்தை அவர் பார்க்கவே இல்லை.

எதிர்பார்த்தபடியே எனக்குத்தான் முதல் பரிசு. பிழையே இல்லாமல் எப்படி எழுதினாய் என்று மேடையில் ஆசிரியை கேட்டார். ஒலிவாங்கியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"இளவரசி வீட்டில் இருக்கும் பகுதியை எங்கம்மா திரும்பத் திரும்பச் சோதித்தார், டீச்சர். அவருக்கு ஒரு பிழைகூடக் கிடைக்கவில்லை."

மண்டபம் கைதட்டியது. அம்மா வேலைக்குப் போயிருந்தார். வந்திருந்த அப்பா மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். மகளை எல்லோரும் பாராட்டுவதால் அவருக்குக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.