அம்மாவுக்காக ஓடிய கணினி

அம்மா தருமபுரி ஆஸ்பத்திரியில் நர்ஸ். கொரோனா வந்து பள்ளிக்கூடங்களை மூடிய வருடம் அவள் வீட்டுக்கு வருவதே நின்றுபோனது. வார்டில் வேலை முடிந்ததும் அவளையும் மற்ற நர்ஸுகளையும் அங்கேயே ஒரு லாட்ஜில் தங்கவைத்திருந்தார்கள். கம்பைநல்லூரில் நானும் அப்பாவும் மட்டும். அப்பாவுக்கு உரக்கடை. ஊரே அடைந்து கிடந்தாலும் உரக்கடையைத் திறக்க அனுமதி இருந்தது. என்னைத் தனியே விட்டுப்போக மனமில்லாமல், பெங்களூரில் வேலை பார்த்த அம்மாவின் தம்பியை வரச்சொன்னார். மாமா பாஸ் வாங்கிக்கொண்டு, தன் பெரிய கணினியைப் போர்வையில் சுற்றிக் காரின் பின்சீட்டில் படுக்கவைத்து வந்து சேர்ந்தார்.

மாமாவின் ஆபீஸ் வேலை எல்லாம் லேப்டாப்பில்தான். பெரிய கணினி சும்மா இருந்தது. அதை ஹாலில் ஜன்னலோரம் பொருத்தி, இனிமேல் இதற்கும் வேலை உண்டு என்றார். கொரோனா கிருமியின் மேல் இருக்கும் புரதம் எப்படி மடங்குகிறது, எந்த மருந்து அதில் போய் ஒட்டும் என்று விஞ்ஞானிகள் கணக்குப் போடுகிறார்களாம். ஒரு இடத்தில் உட்கார்ந்து முடிக்கிற கணக்கு இல்லையாம் அது. அதனால் அதைத் துண்டு துண்டாக்கி, விருப்பப்பட்டவர்களின் வீட்டுக் கணினிகளுக்கு அனுப்புகிறார்கள். நம் கணினி ஒரு துண்டை வாங்கிக் கணக்குப் போட்டுத் திருப்பி அனுப்பினால் அடுத்த துண்டு வரும். மாமா பொறுமையாகத்தான் சொன்னார். ஏழாம் வகுப்பு முடித்திருந்த நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: அம்மாவின் வார்டுக்கு எங்கள் ஹாலில் மருந்து தயாராகிறது.

முதல் துண்டு முக்கால்வாசி ஓடி எர்ரர் காட்டி நின்றது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே விழுந்தது. துண்டுகளிலேயே ஏதாவது தப்பு இருக்கும், விடு என்று மாமா சொன்னார். ஆனால் இணையத்தில் போய்ப் பார்த்தபோது, நாங்கள் கைவிட்ட அதே துண்டை வேறு ஏதோ நாட்டில் யாரோ ஒருவருடைய கணினி ஒழுங்காக முடித்துக் கொடுத்திருந்தது. கோளாறு எங்கள் வீட்டில்தான் இருந்தது. 

வெயில்தான் காரணம் என்று மாமா முதலில் நினைத்தார். கணினியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, காற்றாடியில் அப்பியிருந்த தூசியைப் பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பிவைத்தார். எங்களுக்குக் காற்று இல்லாமல் போனது. திரையில் சூட்டைக் காட்டும் எண் ஏறினால் கூப்பிடச் சொல்லி என்னை உட்காரவைத்தார். எண் ஏறவில்லை. இருந்தும் எர்ரர் வந்தது. அடுத்து, வைரஸ் தடுப்பு மென்பொருள் அந்தக் கோப்புகளைச் சந்தேகப்பட்டு அழிக்கிறதோ என்று பார்த்து, அவற்றைத் தொடாதே என்று அதற்குக் கட்டளை கொடுத்தார். அதற்கும் மசியவில்லை.

இதற்கு நடுவில்தான் அம்மாவுக்கே காய்ச்சல் வந்தது. தான் வேலை பார்த்த வார்டிலேயே படுத்தாள். முதல் இரண்டு நாள் போனில் பேசினாள். அப்புறம் மூச்சு வாங்குகிறது, பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவளோடு வேலை பார்த்த ஒரு அக்கா, நேரம் கிடைக்கும்போது அப்பாவைக் கூப்பிட்டு நிலவரம் சொல்வார். எங்களை உள்ளே விடமாட்டார்கள். அப்பா கடையைச் சாத்திவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலுக்கும் வாசலுக்கும் நடந்தபடியே இருந்தார். சோறு வடித்தால் வடித்தபடி கிடந்தது.

மாமா கணினியை விட்டு நகரவில்லை. நானும் நகரவில்லை. எர்ரர் என்று ஒவ்வொரு முறை வரும்போதும் அம்மாவுக்கு ஒரு வேளை மருந்து தவறிப்போனது என்றுதான் என் கணக்கு. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நிஜமாகிவிடும் போலிருந்தது.

ஒருநாள் காலையில் மாமா நினைவகத்தைச் சோதிக்கும் ஒரு நிரலை ஓடவிட்டார். நீலத்திரையில் எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. திடீரென்று சிவப்பு வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக விழ ஆரம்பித்தன. மாமா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். கணக்குப் போடும்போது எண்களை வைத்துக்கொள்ளும் இடமே பழுது, ஒரு எண்ணைக் கொடுத்தால் வேறு எண்ணைத் திருப்பித் தருகிறது என்றார். உள்ளே நீளவாக்கில் இரண்டு நினைவகப் பட்டைகள் இருந்தன. இரண்டில் எது கெட்டது என்று தெரியவேண்டும். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க, கணினியைத் தரையில் சாய்த்தார்.

அந்த நேரம் பார்த்து அப்பா வாசலிலிருந்து உள்ளே வந்தார். காலையிலிருந்து போன் வந்திருக்கவில்லை. தரையில் பரப்பிக் கிடந்த திருகுகளையும் ஒயர்களையும் பார்த்தார்.

"ஏம்பா, உங்கக்கா அங்க மூச்சுக்கு அல்லாடிக்கிட்டு கெடக்கறா. நீ வூட்டுல பொட்டிய பிரிச்சிப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கற?"

அப்பா அதுவரை மாமாவிடம் குரல் உயர்த்திப் பேசியதில்லை.  திருப்புளியைப் பிடித்திருந்த மாமாவின் கை அப்படியே நின்றது. அவர் எதையாவது எடுத்துச் சொல்வார் என்று பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அம்மாவுக்குத்தாம்பா மருந்து கண்டுபுடிக்கறோம். இது சரியானாத்தான் அம்மாவுக்குச் சரியாவும்."

சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா என்னைப் பார்த்தார். அப்புறம் மாமாவைப் பார்த்தார். மாமா நிமிரவே இல்லை.  பிறகு அப்பா லுங்கியை மடித்துக்கொண்டு எங்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். போனின் டார்ச்சைப் போட்டுக் கணினிக்குள் காட்டினார்.

"எந்தப் பக்கம் கழட்டணும்னு சொல்லு மாப்ள."

மாமா விரலால் காட்டினார். இரண்டு பக்கத்துக் கொக்கிகளையும் விலக்கி முதல் பட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது, வெளிச்சம் காட்டிய அதே போன் மணியடித்தது. அந்த அக்காதான். அப்பா டார்ச்சை அணைக்க மறந்து காதில் வைத்தார். அக்கா பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. "ம்... ம்..." என்று அப்பா சொல்வது மட்டும் கேட்டது. டார்ச் வெளிச்சம் சுவரில் விழுந்து ஆடிக்கொண்டிருந்தது. போனை வைத்ததும், நேற்றைக்கு இன்றைக்குப் பரவாயில்லையாம், குப்புறப் படுக்கவைத்திருக்கிறார்களாம், கொஞ்சம் கஞ்சி இறங்கியதாம் என்றார். சொல்லிவிட்டு டார்ச்சைத் திரும்பவும் உள்ளே காட்டினார். மாமா புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கெட்டது இரண்டாவது பட்டை. அதை எடுத்துவிட்டு ஒற்றைப் பட்டையோடு சோதித்தபோது ஒரு சிவப்பு வரிகூட வரவில்லை. கணினி மெதுவாகிவிட்டது, ஆனால் தப்பு செய்யவில்லை. அடுத்து வந்த துண்டு நூறு சதவீதம் ஓடி முடிந்து, திரும்பிப் போய், சரி என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. அம்மா மெல்ல மெல்லத் தேறினாள். பேச முடிந்ததும் நான் போனில் முதலில் சொன்னது, மருந்தை அனுப்பிவிட்டோம் என்பதைத்தான். அம்மா இரண்டு மூச்சு வாங்கி, "வந்துச்சு கண்ணு" என்றாள். இளைத்து, முடியெல்லாம் கொட்டி அவள் வீட்டுக்கு வந்தபோது, தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் எங்கள் கணினிதான் அவளைக் காப்பாற்றியது என்று சொன்னேன். யாரும் என்னைத் திருத்தவில்லை.

இப்போது நான் கல்லூரியில் கணினிதான் படிக்கிறேன். போன பொங்கலுக்கு மாமா வந்திருந்தபோது, அன்று நாம் அனுப்பிய துண்டுகளால் ஏதாவது பயன் இருந்திருக்குமா என்று கேட்டேன். லட்சக்கணக்கில் அது ஒன்று, யாரால் சொல்லமுடியும் என்றார். அந்த மாதிரிக் கணக்கு மருந்தாகி வர வருடக்கணக்கில் ஆகும், தன் அக்காவுக்கு அது எட்டியிருக்காது என்பது தனக்கு அப்போதே தெரியும் என்றார். சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான் என்றார்.

அப்பாவுக்கு அது தெரியுமா என்று கேட்டேன்.

"இது மருந்தா வர வருசக்கணக்காவும்னு மொத நாளே உங்கப்பாகிட்ட சொல்லிட்டேன்."

அன்று தரையில் அப்பா எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது, அழுதுகொண்டே சொன்னாலும் விஷயத்தை அவருக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்லிவிட்டேன் என்று நான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.