மல்சுனின் ஆறு டயர்கள்

மல்சுன் லாரி ஓட்டக் கற்றதற்குக் காரணம், அவள் கணவர் கிதேக்குக்கு மலை வளைவுகளில் வரும் தலைசுற்றல். தேக்வல்யோங் கணவாயின் மேலே, பனியில் மீன் காயவைக்கும் களம் அவர்களுடையது. மீனோ கீழே ஜுமுன்ஜின் துறைமுகத்திலிருந்து வரவேண்டும். "நான் மீனைத் தொங்கவிடுறேன், நீ போய் ஏத்திட்டு வா" என்று ஒருநாள் அவர் சாவியை நீட்டினார். அன்று அவள் கைக்கு வந்த சாவி திரும்பிப் போகவே இல்லை.

போன குளிர்காலத்தில் காலி லாரி சறுக்கி, முட்டைக்கோஸ் வயலுக்குள் இறங்கி நின்றது. அடி ஒன்றும் படவில்லை. ஆனால் ஊரே வந்து வேடிக்கை பார்த்ததை அவளால் பொறுக்க முடியவில்லை. இந்த வருடம் முதல் பனி விழுமுன்பே டயர் கடைக்குப் போய் நின்றாள். கொழுந்தன் யோங்பேயும் தன் லாரியோடு அங்கே இருந்தான்.

கடைக்காரர் தோ சாங்ஹோ கட்டை கட்டையாகப் பள்ளம் விழுந்த பட்டன் டயரைத் தட்டிக் காட்டினார். "அக்கா, இதப் போடுங்க. சேறு, பனி எதுவா இருந்தாலும் உழுதுக்கிட்டுப் போகும். விலையும் கம்மி."

"நான் என்ன வயலா உழப்போறேன்?" என்றபடி அவள் டயரில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினாள். நகம் இறங்கவில்லை. "இப்பவே இப்படிக் கல்லாட்டம் இருக்கு. ஐஸ்ல இது எங்க பிடிக்கும்? மெல்லிசா கீறல் கீறலா இருக்குமே, அந்தப் பனி டயரக் காட்டுங்க."

"வெளிநாட்டுச் சரக்கு இருக்கு. விலைதான்..."

"நம்ம ஊர்ச் சரக்கு போதும். போன வருஷம் விக்காம கிடக்குதுல்ல, அது."

சாங்ஹோ சிரித்துவிட்டார். "என் குடோன எப்பக்கா பாத்தீங்க?"

டயரின் பக்கவாட்டில் பொறித்திருந்த தயாரிப்பு வாரத்தை அவள் கண்ணாடி போட்டுப் படித்தாள். வெயில் படாத இடத்தில் வைத்திருந்தார்களா என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் தலையாட்டினாள். முன்னால் இரண்டு, பின்னால் ஜோடி ஜோடியாக நான்கு, ஆறும் ஒரே மாதிரி வேண்டும் என்றாள். சேற்றுக்கு, டயரைச் சுற்றிப் பூட்டும் சங்கிலி ஒரு ஜோடியும் எடுத்துக்கொண்டாள். மாட்டும் கூலிக்குப் பதிலாக ஒரு கட்டு உலர்மீன் தருவதாகப் பேசி முடித்தாள்.

யோங்பே பின்சக்கரங்களுக்கு மட்டும் பட்டன் டயர் போட்டான். "அண்ணி, முன்னாடி டயர் சும்மா உருளுறதுதானே? அதுக்கு எதுக்குச் செலவு?"

"திரும்புறது அதுலதான், தம்பி."

"அடடா, பெரிய ரேஸ் டிரைவர் பேச்சு!"

ஜனவரியில், மழைக்குப் பின் இரவோடிரவாகப் பாதை உறைந்த ஒரு காலை. இருவர் லாரியிலும் சுத்தம் செய்த மீன் நிறைய இருந்தது. யோங்பே முன்னால் ஏற, மல்சுன் நன்றாக இடம்விட்டுப் பின்னால் வந்தாள். வெயிலே எட்டாத வடக்கு வளைவில் அவன் பின்சக்கரங்கள் சுழன்றன, லாரி நின்றது. பிறகு மெல்லப் பின்னோக்கி வழுக்கத் தொடங்கியது, நேராக அவளை நோக்கி.

அவள் பிரேக்கை அழுத்தினாள். லாரி நின்றது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளத்தாக்கு. மலைப்பக்கம் ஒதுங்கினால் அவளுக்குப் பத்திரம். ஆனால் அவனுக்குப் பள்ளம்தான் மிஞ்சும். அவள் ரிவர்ஸ் கியர் போட்டாள். பள்ளத்து ஓரத் தடுப்புக் கம்பி பக்கக் கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டே வந்தது. சக்கரம் பிடிக்கிறது என்பதை உட்கார்ந்த இடத்திலேயே உணர்ந்தாள். பள்ளத்து ஓரமாக ஒட்டி நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினாள்: "மலைப் பக்கம் விடுடா! ஒடிச்சுப் பிடி! பிரேக்க விடு, அப்பதான் திரும்பும்!"

அவன் பிரேக்கை விட்டான். முன்சக்கரங்கள் திரும்பியும் லாரி உடனே கேட்கவில்லை. கடைசி நொடியில் மனம் மாறியதுபோல் பின்புறம் மலைப்பக்கம் சாய்ந்து, அவளுடைய பக்கக் கண்ணாடியை உரசாத குறையாகக் கடந்து, மலையோரப் பனிக்குவியலில் பொதுக்கென்று குத்தி நின்றது.

யோங்பே இறங்கினான். "அண்ணி... நீங்க ஏன் அந்தப் பக்கம் போனீங்க?"

"எனக்கு நிக்கும்னு தெரியும். உனக்கு நிக்காதுன்னும் தெரியும்." லாரியின் கருவிப் பெட்டியைத் திறந்து சங்கிலியை எடுத்தாள். "பிடி இத. குளிருல என்னையும் மீனா காயவைக்காத."

அவன் பின்சக்கரங்களில் சங்கிலி பூட்டி, முட்டி போட்டு இறுக்கி, அவனை முன்னால் ஏறவிட்டுப் பின்னாலேயே போனாள். மதியத்துக்குள் மீனெல்லாம் மரச்சட்டங்களில் தொங்கியது. கிதேக் விஷயத்தைக் கேட்டதும் அவளுக்குச் சூடான மீன் சூப்பை ஊற்றி வைத்தார். அப்புறம்தான், "பள்ளத்துப் பக்கமா போன?" என்றார். அவருக்கு அப்போதே தலை சுற்றியது.

யோங்பே மறுவாரமே ஆறு பனி டயர் மாட்டினான். கழற்றிய பட்டன் டயர்களைக் கொட்டகையில் போட்டு வைத்திருந்து, மார்ச்சில் பனி உருகிக் களத்துச் சேறு முழங்கால் ஆழமானபோது திரும்ப மாட்டிக்கொண்டான். மல்சுன் சங்கிலி பூட்டச் சோம்பல்பட்டு, களத்து வாசலிலேயே லாரியோடு சேற்றில் புதைந்து நின்றாள்.

"அண்ணி, இழுக்கக் கயிறு வேணுமா?" என்று அவன் பல்லைக் காட்டினான்.

"கேக்கிற நேரத்துல கட்டியிருக்கலாம்ல" என்றாள் அவள், ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமலே.