அத்தையின் இலையில் சாப்பிட்டவள்

வண்ணார்பேட்டையிலேயே நிறமான பெண் யார் என்று கேட்டால் தெருப் பிள்ளைகள் எங்கள் வீட்டைத்தான் கை காட்டுவார்கள். அப்பாவின் தங்கை, என் அத்தை, அப்படி ஒரு வெள்ளை. ஆற்றில் குளித்துவிட்டுப் படியேறும்போது நாலு படிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்குவாள். அதுகூட எனக்கு ஒயிலாகத்தான் தெரிந்தது. பச்சரிசியை அள்ளி அள்ளி மென்றுகொண்டே இருப்பாள். அழகிகளுக்கு இப்படி ஏதாவது கிறுக்கு இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன். ஏழு வயதில் எனக்கிருந்த பெருமையெல்லாம் அத்தைதான்.

அவளைப் பாபநாசத்துக்காரர் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். எங்கள் பக்கம் மோட்டார் வண்டி வராத காலம். மாப்பிள்ளை வீட்டார் ஏழெட்டு வில்வண்டிகளில் வந்து இறங்கினார்கள். கல்யாணத்துக்கு மறுநாள் அவர்களுக்கு எங்கள் வீட்டில் தேங்காய்ப்பால் குழம்போடு சொதி விருந்து. அன்று காலையில் மாப்பிள்ளையின் அம்மா அத்தையின் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு என் அம்மாவிடம் சொன்னாள்:

"இது நெறமில்லம்மா, வெளுப்பு. ஒழுங்காச் சாப்பிடுதாளான்னு பாக்கணும். இல்லேன்னா எங்கூரு வைத்தியர்ட்ட அயச்செந்தூரம் வாங்கிக் குடுக்கணும்."

அயச்செந்தூரம் என்றால் இரும்பைப் புடம்போட்டுச் செய்யும் சிவப்புப் பொடி. எங்கள் அத்தைக்கு மருந்தா! எனக்கு வந்த கோபத்தில் அந்த அம்மாளைக் கடித்து வைத்திருப்பேன். அம்மாவுக்கோ முகம் செத்துவிட்டது. நோயாளிப் பெண்ணைத் தள்ளிவிட்டார்கள் என்று பேச்சு வந்தால் அத்தையின் வாழ்வு என்ன ஆகும்?

பந்தியில் அத்தைக்கு ஒரு பக்கம் மாப்பிள்ளை, மறுபக்கம் நான். எதிரே அந்த அம்மாள். இரண்டு வாய் சாப்பிட்டதும் அத்தை என் காதருகே குனிந்தாள்.

"ஏட்டி, தொண்டையில எறங்க மாட்டேங்கு. நீ பைய எடுத்துத் தின்னுரு. ஆருட்டயும் சொல்லிராத."

அந்த அம்மாள் அப்பளம் கேட்கத் திரும்பினால் ஒரு கவளம், பாயசத்துக்குத் திரும்பினால் இரண்டு. அத்தை சோற்றை இலையோரம் ஒதுக்க ஒதுக்க நான் அள்ளினேன். மாப்பிள்ளை தம் இலையைத் தவிர வேறெதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை, நல்ல மனுஷர். என் இலையையும் விட்டுவைக்கவில்லை நான்.

"இலையைத் தொடச்சில்லா வச்சிருக்கா! நல்லாத்தான் சாப்பிடுதா. மருந்தெல்லாம் வேண்டாம்" என்றாள் அந்த அம்மாள்.

அன்று சாயங்காலம் வயிற்றுவலியில் சுருண்டு கிடந்தேன். அம்மா திட்டிக்கொண்டே ஓமத்தண்ணீர் புகட்டினாள். நான் வாயைத் திறக்கவில்லை. பாபநாசத்தையே ஜெயித்துவிட்டவள் மாதிரி இருந்தது எனக்கு. அந்தப் பெருமை எத்தனையோ வருஷம் என்னோடு இருந்தது.

அத்தை நாற்பதைத் தாண்டவில்லை. தொண்டைக்குள் புற்று. ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தவள் நான்தான். ரத்தத்தில் இரும்புச் சத்து வருஷக்கணக்கில் குறைந்தே கிடந்தால் சில பெண்களுக்கு விழுங்குவது சிரமமாகும், அவர்களில் சிலருக்குப் பிற்பாடு இப்படிப் புற்றும் வரலாம் என்றார் டாக்டரம்மா. இவருக்கு அதனால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். பிறகு கேட்டார்: "ஆரம்பத்திலேயே யாரும் கவனிக்கலையா?"

ஒருத்தி கவனித்தாள். கண்ணைப் பார்த்தே கண்டுபிடித்து, மருந்தும் சொன்னாள். அவளைத்தான் நான் எதிரி என்று நினைத்து, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் ஜெயித்தேன்.