அரை வரவு வேண்டாம்

தரம் பத்தில் வணிகக் கல்விக்கான முதல் நாள். டீச்சர் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒரு பிரிஸ்டல் போட் அட்டையை ஒட்டினார். மேலே பெரிய எழுத்தில் "இந்த வகுப்பு ஒரு கம்பனி" என்று இருந்தது. கீழே விதிகள். தான் முகாமையாளர், நாங்கள் ஊழியர்கள், கம்பனியில் எப்படி நடக்க வேண்டுமோ அப்படியே இங்கேயும் நடக்க வேண்டும் என்றார். கண்டி டவுன் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்குக் கம்பனி என்றால் கண்ணாடிக் கதவு, குளிர் காற்று, கழுத்தில் தொங்கும் அட்டை. எனக்குக் கம்பனி என்றால் எங்கள் தேயிலைத் தோட்டத்தை நடத்துகிறவர்கள். நாங்கள் குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகினால் தகரம் தர வேண்டியது கம்பனி. அது தராது என்பதும் எங்களுக்குத் தெரியும்.

அதனால்தான் அந்தப் பாடத்தை அடம்பிடித்து எடுத்தேன். எங்கள் வீட்டில் கம்பனியைப் பற்றி யாரும் வாய் திறந்து கேள்வி கேட்டதில்லை. இந்தப் பாடத்திலோ புத்தகத்தின் முதல் அத்தியாயமே அதைப் பற்றித்தான். உரிமையாளர் யார், ஊழியர் யார், யாருக்கு என்ன எதிர்பார்ப்பு என்று வெளிப்படையாக அச்சடித்து வைத்திருந்தார்கள். இதை விட்டுவிட்டு வேறு எதைப் படிப்பது?

விதிகள் பொல்லாதவை அல்ல. கோடு போட அடிமட்டம், சிவப்புப் பேனை. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினால் இரண்டு பேருக்கும் பூச்சியம். விடை தெரியாவிட்டால் எழுந்து, முகத்தைப் பார்த்து, தெரியாது என்று சொல்ல வேண்டும். தரையைப் பார்க்கக் கூடாது. இந்தக் கடைசி விதி எனக்கு ரொம்பப் பிடித்தது. டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். கணவருக்குப் பேராதனையில் வேலை என்பதால் இங்கே வந்தவர். நன்றாகப் படிப்பிப்பார், அதை நான் எங்கேயும் மறுக்க மாட்டேன். கடைசிக்கு முந்திய விதிதான் என் கழுத்தைப் பிடித்தது. மணி அடித்த பிறகு வருபவர்களுக்கு அரை வரவு.

வணிகக் கல்வி எப்போதும் முதல் பாடம். நான் தோட்டத்திலிருந்து ஒரு பஸ்ஸில் கம்பளைக்கு இறங்கி, அங்கிருந்து கண்டி பஸ் பிடிக்க வேண்டும். கெலிஓயாவில் என் சிநேகிதி ஏறுவாள். அவளுடைய வாப்பாவுக்கு அங்கே துணிக்கடை. பேராதனை வந்ததும் வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிடும். நாங்கள் இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓட்டுநரின் பிடரியை முறைத்துக்கொண்டிருப்போம்.

இரண்டாம் தவணையில் மழை பிடித்தது. ஒரு நாள் இருவரும் நனைந்துகொண்டு ஓடிப் போனபோது மணி அடித்து முடிந்திருந்தது. டீச்சர் வரவு இடாப்பைத் திறந்து எங்கள் பெயர்களுக்கு நேரே அரை போட்டார். முகத்தில் கோபம் இல்லை. "மற்ற வகுப்புகளிலை எண்டால் முழுசா வெட்டிப் போடுவினம். நான் பாவம் பாத்து அரை தந்திருக்கிறன்," என்றார். உண்மையிலேயே அதை இரக்கம் என்று நினைத்தே சொன்னார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்று சொல்வோம். நாள் முழுக்க மலை ஏறி இறங்கிக் கொழுந்து பறித்தாலும், நிறுக்கும்போது கம்பனி சொன்ன நிறை வராவிட்டால் அன்றைக்கு அரைப்பேர், அரைச் சம்பளம்தான். கால் முழுநாள் நடந்திருக்கும், முதுகு முழுநாள் குனிந்திருக்கும், அட்டை முழுநாள் கடித்திருக்கும். பேர் மட்டும் அரை. முந்திய வாரம்தான் அம்மா அரைப்பேரோடு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் அடுப்பைப் பற்றவைத்திருந்தார்.

எழுந்து நின்றேன். முகத்தைப் பார்த்தேன், விதிப்படி. "அரை வேணாம் டீச்சர். வந்திருக்கேன்னா முழுசா போடுங்க. வரலன்னா போடாதீங்க."

வகுப்பு சிரித்தது. டீச்சருக்கு முகம் மாறியது. "பிந்தி வந்ததும் வந்து, கதை வேறயோ? அப்ப உமக்கு ஒண்டும் இல்லை," என்று அரையை வெட்டிவிட்டார். நான் சரி என்று உட்கார்ந்துகொண்டேன். அன்று போட்ட கோடுகள் எல்லாம் நேராகவே வந்தன.

அதற்குப் பிறகு பிந்திய ஒவ்வொரு நாளும் இதே கதை. டீச்சர் பேனையைத் தூக்குவார், நான் எழுந்து வேண்டாம் என்பேன், அவர் வெட்டுவார். என் சிநேகிதி பஸ்ஸில் தலையில் அடித்துக்கொள்வாள். "உனக்கு என்னடி வீம்பு? அரை சரி ஈக்கட்டுமே. குடியியல் வகுப்புக்குத் தள்ளிட்டாங்கன்டா என்ன செய்யப் போற?" அவள் பயந்ததில் நியாயம் இருந்தது. போதிய வரவு இல்லாதவர்களைத் தவணை முடிவில் வேறு பாடத்துக்கு மாற்றுவதாகவும் அந்தப் போட்டில் எழுதியிருந்தது. மாற்றிவிட்டால் கம்பனியைப் பற்றி எனக்கு எவனும் சொல்லித் தரப்போவதில்லை. அது தெரிந்தும் என்னால் அந்த அரையை வாங்க முடியவில்லை. வீம்பு என்றால் வீம்புதான். இன்றைக்கும் அதற்காக நான் வெட்கப்படவில்லை.

கடைசியில் அம்மாவை அழைத்துவரச் சொன்னார்கள்.

அம்மா கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார். டீச்சர் கதிரையைக் காட்டினார். அம்மா நுனியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார். டீச்சர் எல்லாவற்றையும் சொன்னார். பிள்ளை கெட்டிக்காரி, கணக்கில் முதல் ஆள், ஆனால் வாய் நீளம், தான் இரங்கிக் கொடுப்பதைக்கூட வேண்டாம் என்கிறாள், இப்படியே போனால் பாடத்தை மாற்றத்தான் வேண்டும் என்றார். அம்மா கேட்டுவிட்டு, "புத்தி இல்லாத புள்ள டீச்சர். நீங்க அரையே போடுங்க. அவ வாங்கிக்குவா," என்றார்.

அம்மாவின் வாயிலிருந்து அது வந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எங்கள் ஊரில் அரையை வாங்கிக்கொள்ளப் பழகியிருக்கிறார்கள். அதை ஒரு நல்ல குணம் என்றே பிள்ளைகளுக்கும் பழக்குகிறார்கள்.

"நான் வாங்கிக்க மாட்டேன்," என்றேன். "அம்மாவுக்கு அரைப்பேர் போடுறாங்க. எனக்கும் அரையா? இன்னைக்கு என்னோட அரைக்காக இங்க வந்து, அவங்க ஒரு முழுப்பேரை விட்டுட்டு உக்காந்திருக்காங்க டீச்சர்."

டீச்சர் பேனையை வைத்தார். "அரைப்பேரெண்டால் என்ன?"

நான் சொன்னேன். பேர் என்றால் என்ன, நிறை என்றால் என்ன, முழுநாள் நின்றவளுக்கு எப்படி அரை விழுகிறது எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணீர் வந்தது. ஆனால் தரையைப் பார்க்கவில்லை. அம்மா என் பாவாடையை இழுத்து, "போதும்டி, போதும்டி," என்றபடியே இருந்தார்.

டீச்சர், "நான் இதை அறிஞ்சிருக்கேல்லை," என்றார். அம்மாவிடம், "நீங்கள் போயிட்டு வாங்கோ," என்றார். மன்னிப்பும் கேட்கவில்லை, என்னைத் தட்டிக்கொடுக்கவும் இல்லை. அடுத்த நாள் வகுப்புக்குப் போனபோது, போட்டில் அரை வரவு என்று எழுதியிருந்த இடத்தில் வெள்ளைக் கடதாசித் துண்டு ஒட்டியிருந்தது. பாடம் தொடங்கும்போது இடாப்பு மேசையில் மூடியே கிடந்தது. பாடம் முடிந்து மணி அடிக்கும் நேரத்தில்தான் அதைத் திறந்து, வகுப்பில் இருந்தவர்களின் பெயரைக் கூப்பிட்டார். பிந்தி வந்திருந்த எங்களுக்கும் முழு வரவு விழுந்தது. எதற்காக மாற்றினார் என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை. என் சிநேகிதி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள்.

நான் அந்த வகுப்பிலேயே இருந்தேன். கம்பனியைப் பற்றிப் புத்தகத்தில் இருந்ததையும் படித்தேன், இல்லாததையும் கேட்டேன். ஒரு நாள் போட்டின் தலைப்பைக் காட்டி, "நாங்க ஏன் டீச்சர் ஊழியர்? உரிமையாளரா இருக்கக் கூடாதா?" என்று கேட்டதற்கு, "முதல்லை வீட்டுப்பாடத்தைக் காட்டும்," என்றார். அந்தப் பதில் எனக்கு இன்றைக்கும் போதவில்லை.

அந்தத் தவணை முடிவதற்குள் ஒரு மாலை, அம்மா வழக்கத்தை விடப் பிந்தி மலையிலிருந்து வந்தார். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துச் சுவரில் மாட்டினார். கொழுந்து குறைவான நாள், சொன்ன நிறைக்குக் கொஞ்சம்தான் குறைந்ததாம். கொழுந்து நிறுத்துப் பேர் எழுதும் கணக்கப்பிள்ளை அரைப்பேர் எழுதப் போயிருக்கிறார். முழுசாகப் போடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம் என்று அம்மா சொல்லியிருக்கிறார். கணக்கப்பிள்ளை ஒன்றுமே எழுதாமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

எங்கள் வீட்டுக்கு அந்த அரையும் வேண்டியிருந்தது. "ஏம்மா அப்படிச் சொன்னீங்க? அரையாவது கிடைச்சிருக்குமே!"

கேட்டு முடித்த பிறகுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்கே உறைத்தது. அம்மா அடுப்புக்கு முன்னால் குந்தியபடி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏன், நீ மட்டும்தான் சொல்லலாமா?" என்றார். "அவரு மூஞ்சிய நிமிந்து பாத்துதான் சொன்னேன்."